கொம்பிரசர் மீது விழும் பழி

காரின் ஏ.சி. குளிரவில்லை என்று கராஜில் கொண்டுபோய் நிறுத்தினால், பொனட்டைத் திறக்கும் முன்பே இரண்டு தீர்ப்புகளில் ஒன்று வந்துவிடும். ஒன்று, "கேஸ் அடிச்சாச் சரி." மற்றது, "அண்ணே, கொம்பிரசர் வீக்." முதலாவது மலிவு, ஆதலால் வண்டிக்காரர் யோசிக்காமல் தலையாட்டுகிறார். இரண்டாவது பெருஞ்செலவு, அதற்கும் தலையாட்டுகிறார், மறுத்துக் கேட்க அவரிடம் ஒரு கேள்வியும் இல்லாததால். அழுத்த மீட்டரைப் பூட்டிப் பார்க்காமல் சொல்லப்படும் இந்தத் தீர்ப்புகளில் பெரும்பாலானவை அரைகுறையானவை. கொம்பிரசர் உண்மையிலேயே பழுதாகும்போது என்ன அடையாளம் காட்டும், வேறு எந்தெந்தக் குறைகள் அதன் வேடத்தில் வரும், அது எதனால் சாகிறது என்பதே இங்கே ஆராயப்படும் விடயம்.

இதைக் கரவனெல்லயில் நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு. கேகாலையிலிருந்து புளத்கொஹுப்பிட்டிய வழியாக வரும் ஏ21 வீதி, அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் ஏ7 வீதியைத் தொடும் இடம் அது. சுற்றியுள்ள இறப்பர், தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆதார வைத்தியசாலைக்கு நோயாளரைக் கொண்டுவரும் வாடகை வான்கள் அங்கேதான் வந்து நிற்கின்றன. களனி கங்கையை ஒட்டிய பள்ளத்தில் புழுக்கம். யட்டியாந்தோட்டை, கித்துல்கல தாண்டினால் மழையும் வளைவும். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டும். ஆட்களை ஏற்றிக்கொண்டு கண்ணாடிகளை மூடி அந்த மழையில் ஏறும் வானில், முன்கண்ணாடி சில நிமிடத்தில் நீராவி படிந்து வெள்ளை பூத்துப்போகும். அந்த நீராவியைக் காற்றிலிருந்து இழுத்து நீராக்கி வெளியே சொட்டவிடுவது ஏ.சி.யின் கூலிங் கொயில்தான். ஆகவே இந்தப் பாதையில் கொம்பிரசர் நின்றுபோவது சொகுசுக் குறைவு மட்டுமல்ல. ஓட்டுநருக்குப் பாதை தெரியாமற் போகிறது.

இன்னொரு காரணம் நாட்டின் பொருளாதாரம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டில் இருந்த வண்டிகளையே உருட்டினோம். ஜப்பானில் கழித்துவிடப்பட்ட கொம்பிரசர்களைத் தேடிப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போவது வழக்கமாயிற்று. ஒரு பழைய கொம்பிரசரைக் கழற்றி இன்னொரு பழைய கொம்பிரசரைப் பூட்டும் நாட்டில், முதலாவது ஏன் போனது என்று கேட்காமல் இருப்பது காசை ஆற்றில் விடுவதே.

கொம்பிரசரின் வேலை எளிமையானது. கூலிங் கொயிலில் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சிய கேஸைக் கொம்பிரசர் இழுத்து அழுத்துகிறது. அழுத்தத்தோடு சூடேறிய கேஸ், ரேடியேட்டருக்கு முன்னாலுள்ள கொண்டென்சரில் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. டிரையரில் ஈரம் வடிந்து, எக்ஸ்பென்ஷன் வால்வின் சிறு துளையில் அழுத்தம் இழந்து மறுபடி கொயிலுக்குள் ஆவியாகிறது. 1940ஆம் ஆண்டு மொடல் பக்கார்ட் கார்களில் முதன்முதலாக இந்த அமைப்பு விற்பனைக்கு வந்தபோது கொம்பிரசருக்குக் கிளட்ச் கிடையாது. குளிர் வேண்டாமென்றால் காரை நிறுத்தி, பொனட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இன்று சுவிட்சைத் தட்டினால் 'டக்' என்று கேட்கும் அந்தக் கிளட்ச்தான் நாம் முதலில் கேட்டறிய வேண்டிய சத்தம்.

'டக்' கேட்கவில்லை என்றால் கொம்பிரசர் செத்துவிட்டது என்று பொருளல்ல. அதை ஓடவிடாமல் தடுப்பதற்கென்றே வண்டியில் பல காவல்கள் உள்ளன. பல ஜப்பானிய வண்டிகளில் கேஸ் அழுத்தம் ஏறத்தாழ 28 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனாலும், 450 பி.எஸ்.ஐ.யைத் தாண்டினாலும் பிரஷர் சுவிட்ச் மின்னை வெட்டிவிடும். எஞ்சின் அளவுக்குமேல் சூடானால் வெட்டும். கொயில் உறையும் நிலைக்கு வந்தால் வெட்டும். அக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஏற்றம் ஏறும்போது, எஞ்சினுக்கு வலு மிஞ்சட்டும் என்று சில விநாடி வெட்டும் வண்டிகளும் உண்டு. கித்துல்கல தாண்டி ஏறும்போது குளிர் விட்டுவிட்டு வருகிறது என்று முறையிடுகிறவர்களில் சிலர் இந்த வெட்டைத்தான் நோயென்று நினைக்கிறார்கள். சுசுக்கி வேகன் ஆர் போன்ற வண்டிகளில் சந்தியில் எஞ்சின் தானாக அணையும்போது பெல்ட்டோடு கொம்பிரசரும் நிற்கும். காற்று மெல்லச் சூடாவது இயல்பு. இந்த இரண்டுக்கும் கராஜ் தேவையில்லை.

கிளட்ச் விழாத வண்டியில் மின்னைத்தான் முதலில் தேட வேண்டும்: ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், பிறகு கிளட்ச் கொயில். கொயிலின் மின்தடை பெரும்பாலும் 3 முதல் 5 ஓம். மல்ட்டிமீட்டர் முடிவிலி காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. பிரஷர் சுவிட்சை வயரால் இணைத்து ஓட்டிப் பார்க்கும் பழக்கம் நம் கராஜ்களில் உண்டு. ஒரு கணம் சோதிக்கச் செய்தால் மன்னிக்கலாம். அப்படியே கட்டி அனுப்பிவிட்டால் கேஸும் எண்ணெயும் இல்லாமல் கொம்பிரசர் உலர்ந்து ஓடிக் கடித்துக்கொள்ளும். அதன்பின் "கொம்பிரசர் போச்சு" என்ற தீர்ப்பு உண்மையாகிவிடும், அதை உண்மையாக்கியவர் யாரென்பது மட்டும் பில்லில் வராது.

இந்தப் பகுதியில் அடிக்கடி கேட்கும், அதிகம் குழப்பும் முறைப்பாடு ஒன்று: "அரை மணி நேரம் நல்லாக் குளிருது, பிறகு இல்ல. நிப்பாட்டி வச்சிட்டுப் போட்டாத் திரும்பக் குளிருது." இதற்கு மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கலாம், மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது கிளட்ச் தேய்வு. முன்தட்டுக்கும் புல்லிக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி பொதுவாக 0.3 முதல் 0.6 மில்லிமீற்றர். வருடக்கணக்கில் உராய்ந்து அது அகலும். கிளட்ச் கொயில் சூடேறும்போது மின்தடை கூடி, காந்த இழுப்புக் குறையும். அகன்ற இடைவெளியை அதனால் தாண்ட முடியாது. இப்படிப்பட்ட வண்டியில் குளிர் நின்றாலும் காற்று அதே வேகத்தில் வந்துகொண்டிருக்கும். முன்தட்டு சுழலாமல் நிற்பது கண்ணுக்குத் தெரியும். உள்ளேயுள்ள மெல்லிய வளையம் ஒன்றை எடுத்து இடைவெளியைச் சரிசெய்தால் பல சமயம் போதும். கேஸையே திறக்கத் தேவையில்லை.

இரண்டாவது, கூலிங் கொயில் பனி பிடிப்பது. இங்கே அடையாளம் காற்று: அது மெலிந்து மெலிந்து கடைசியில் ஊதுவதே தெரியாது. நிறுத்தி வைத்தால் பனி உருகி வண்டிக்குக் கீழே தண்ணீர் கொட்டும். கெபின் ஃபில்டர் அடைபட்டிருக்கலாம், கொயிலில் பொருத்திய வெப்ப உணரி பிழையாகச் சொல்லலாம், கேஸ் சற்றுக் குறைந்திருக்கலாம். ஈரம் மிகுந்த இந்தக் காற்றில் பனி விரைவாகவே கட்டும்.

மூன்றாவது, குழாய்க்குள் புகுந்த ஈரம். அது எக்ஸ்பென்ஷன் வால்வின் துளையில் உறைந்து வழியை அடைக்கும். அப்போது குறைந்த அழுத்தப் பக்கத்து முள் பூச்சியத்துக்கும் கீழே, வெற்றிடத்துக்கு இறங்கும். உருகியதும் பழைய இடத்துக்கு வரும். டிரையரை மாற்றி நீண்ட நேரம் வெக்கியூம் இழுப்பதே மருந்து. இந்த மூன்றில் எதிலும் கொம்பிரசர் குற்றவாளி அல்ல.

அடுத்தது கேஸ். எஞ்சினை அணைத்த நிலையில் மீட்டரைப் பூட்டி, "90க்கு மேல காட்டுது, கேஸ் இருக்கு" என்பார்கள். இன்று சாலையில் உள்ள பெரும்பாலான வண்டிகளில் இருப்பது ஆர்-134ஏ. 30 பாகை செல்சியஸில் அதன் ஓய்வு அழுத்தம் சுமார் 97 பி.எஸ்.ஐ. உள்ளே ஒரு துளித் திரவம் இருக்கும் வரை அளவு எவ்வளவாயினும் முள் அங்கேயேதான் நிற்கும். அடுப்படிக் கேஸ் சிலிண்டர் தீரும் நாள் வரை ஒரே வேகத்தில் எரிவது போல. ஆகவே ஓய்வு அழுத்தம் இரண்டு கேள்விக்குத்தான் பதில் தரும்: அடியோடு காலியா, காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறதா என்பவை. எவ்வளவு இருக்கிறது என்று அறிய, எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்துத் தராசில் நிறுப்பதே வழி. சிறிய கார்களில் மொத்த அளவு பெரும்பாலும் 300 முதல் 500 கிராம். பொனட்டுக்கு அடியிலுள்ள ஒட்டுத்தாளில் அது அச்சிடப்பட்டிருக்கும். இவ்வளவு சிறிய அளவில் 100 கிராம் பிழைத்தாலும் அது பெரிய பிழை.

இப்போது எஞ்சின் ஓட்டத்தில் பார்க்கலாம். கதவுகள் திறந்து, ஊதியை உச்சத்தில் வைத்து, எஞ்சினை 1500 சுற்றில் ஓடவிட்டு, காற்று 30 முதல் 35 பாகைக்குள் இருக்கும்போது, டொயோட்டா வண்டிகளுக்குச் சொல்லப்படும் அளவு: குறைந்த பக்கம் 21 முதல் 36 பி.எஸ்.ஐ., கூடிய பக்கம் 200 முதல் 228 பி.எஸ்.ஐ. இரண்டுமே தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டுமே உயர்ந்திருந்தால் கேஸ் கூடிவிட்டது, அல்லது கொண்டென்சர் வெப்பத்தை விடவில்லை, அல்லது உள்ளே காற்று இருக்கிறது. கொம்பிரசர் உண்மையில் அழுத்தவில்லை என்றால் முட்கள் ஒன்றையொன்று நோக்கி வரும்: குறைந்த பக்கம் 60, 80 என்று ஏறியிருக்கும், கூடிய பக்கம் 100க்கும் 145க்கும் இடையில் சோர்ந்து நிற்கும். எஞ்சினை முறுக்கினாலும் இடைவெளி பெரிதாக விரியாது. அணைத்த கணமே இரண்டும் சமமாகிவிடும். நல்ல கொம்பிரசரில் அதற்குச் சற்று நேரம் எடுக்கும். கையால் தொட்டாலும் தெரியும். நல்ல நிலையில் இழுக்கும் குழாய் குளிர்ந்து வியர்த்திருக்கும், தள்ளும் குழாய் கை வைக்க முடியாமல் சுடும். இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே வேலை நடக்கவில்லை.

இங்கேயும் அவசரப்படக் கூடாது. எக்ஸ்பென்ஷன் வால்வ் திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் குறைந்த பக்கம் ஏறும். வித்தியாசம் குழாயில் இருக்கிறது: வால்வ் பிழையென்றால் இழுக்கும் குழாய் கொம்பிரசர் வரை ஈரமாகக் குளிர்ந்திருக்கும், கூடிய பக்கமும் விழுந்திருக்காது. தேவைக்கேற்பக் கொள்ளளவை மாற்றிக்கொள்ளும் கொம்பிரசர்களில் குழப்பம் இன்னும் கூடும். அவற்றில் பலவற்றுக்குக் கிளட்ச்சே இல்லை. 'டக்' சத்தத்துக்குக் காத்திருந்து பயனில்லை. புல்லி சுழன்றுகொண்டே இருக்கும். பின்னாலுள்ள சிறு மின்வால்வ்தான் எவ்வளவு அழுத்துவது என்று தீர்மானிக்கிறது. அந்த வால்வ் சிக்கினால் மீட்டரில் தெரிவது செத்த கொம்பிரசரின் அதே அளவுகள். வால்வுக்கு மின்கட்டளை வருகிறதா என்று ஸ்கேனரில் பார்க்காமல் முழுக் கொம்பிரசரையும் கழற்றுவது, என் கணிப்பில், இன்று அதிகம் நடக்கும் தேவையற்ற செலவு.

"ஓடும்போது குளிருது, டிராஃபிக்கில நின்டாக் குளிரில்ல" என்ற முறைப்பாட்டுக்கும் கொம்பிரசரையே கைகாட்டுவார்கள். தேய்ந்த கொம்பிரசர் எஞ்சின் வேகத்தில் சற்றுத் தேறும் என்பது உண்மைதான். ஆனால் ஃபேன் சுணங்கினாலும், தோட்டத்துச் சேறு கொண்டென்சர் இடுக்குகளில் அப்பியிருந்தாலும் இதே கதை. ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டென்சர் மேல் ஊற்றிப் பாருங்கள். கூடிய பக்கத்து முள் இறங்கிக் குளிர் கூடினால் குற்றம் ஃபேனிலோ கொண்டென்சரிலோதான். காசில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு கொம்பிரசருக்கும் மரணச் சான்று எழுதக் கூடாது.

காற்று எவ்வளவு குளிரவேண்டும் என்பதிலும் இடம் பார்த்துப் பேச வேண்டும். ஒரு லீற்றர் நீரைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்கச் சுமார் 2450 கிலோஜூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். மணிக்கு ஒரு லீற்றர் சொட்டினால், அதற்கே 680 வாற் வலு போகிறது. வறண்ட ஊரில் முழு வலுவும் காற்றைக் குளிர்விக்கப் போகும்; ஈரக் காற்றில் ஒரு பங்கு தண்ணீராக வெளியே ஓடும். வறண்ட காற்றில் ஓடிய வண்டி கரவனெல்லயில் சற்றுக் குறைவாகக் குளிர்ந்தால் அதை உடனே நோயென்று எழுதிவிட முடியாது.

சத்தத்தைப் பொறுத்தவரை விதி சுருக்கமானது. ஏ.சி. போடாதபோதே இரைந்தால் புல்லி பெயாரிங். போட்டதும் தொடங்கினால் உள்ளுறுப்பு, அல்லது கொம்பிரசரைத் தாங்கும் போல்ட் தளர்வு. எஞ்சினை அணைத்து முன்தட்டைக் கையால் சுற்றினால் சீரான சிறு எதிர்ப்பு இருக்க வேண்டும். மணல் அரைவது போன்ற உணர்வோ, அசையாத இறுக்கமோ கெட்ட செய்தி.

ஹைபிரிட் வண்டிகள் தனி உலகம். 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை பிரியஸிலிருந்து டொயோட்டா பெல்ட்டை விட்டு மின்மோட்டார் கொம்பிரசருக்கு மாறியது. 2011 டிசம்பரில் ஜப்பானில் அறிமுகமாகி, நம் வீதிகளை நிறைத்த அக்குவாவிலும் அதுவே. பிரியஸ் பற்றரி 201.6 வோல்ட், அக்குவா 144 வோல்ட்; செம்மஞ்சள் வயரைக் காணும் இடத்தில் பயிற்சியில்லாதவர் கை வைக்கக் கூடாது. மோட்டார் கம்பிச்சுற்று கேஸிலும் எண்ணெயிலும் நனைந்தபடியே ஓடுவதால், எண்ணெய் மின்னைக் கடத்தாததாக இருக்க வேண்டும். இதற்குரியது எஸ்டர் வகை எண்ணெய். பெல்ட் வண்டிகளுக்கு ஊற்றும் பி.ஏ.ஜி. எண்ணெய், மீட்டர் குழாயில் ஒட்டியிருந்த மிச்சமாகப் போனாற்கூட மின்காப்பைக் கெடுக்கும்; ஹைபிரிட் எச்சரிக்கை விளக்கு எரியும். ஒரே மெஷினால் காலையில் டொல்பின் வானுக்கும் மாலையில் அக்குவாவுக்கும் கேஸ் அடிப்பது இப்படித்தான் ஒரு நல்ல கொம்பிரசரைக் கொல்கிறது. மேலும் இந்த வண்டிகளின் ஹைபிரிட் பற்றரி கெபின் காற்றாலேயே குளிர்கிறது, ஏ.சி. இல்லாமல் வெயிலில் ஓட்டினால் அடுத்த செலவு பின்சீற்றுப் பக்கமிருந்து வரும்.

கொம்பிரசர்கள் தாமாகச் சாவது அரிது. அவற்றுக்கெனத் தனி எண்ணெய்த் தொட்டி பெரும்பாலும் கிடையாது. சிறிய காரில் மொத்தமே 100 மில்லிலீற்றரைச் சுற்றிய எண்ணெய், கேஸோடு கலந்து சுற்றி வருகிறது. கேஸ் கசிந்து குறைந்தால் எண்ணெய் திரும்பி வராது. கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருக்கும். அதைத் தேடாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேஸ் மட்டும் அடிப்பவர், கொம்பிரசரைத் தவணை முறையில் கொல்கிறார். டுவல் ஏ.சி. வான்களில் பின்கொயிலுக்குப் போகும் நீண்ட குழாய்கள் தரைக்கு அடியில் ஓடுகின்றன. தோட்டப் பாதையின் கல்லும் சேறும் படும் அந்த இடத்தை முதலில் பார்ப்பது நல்லது. ஓடாமல் நிற்பதும் கேடுதான். 2022இல் எரிபொருள் இல்லாமல் மாதக்கணக்கில் நின்ற வண்டிகளைப் போல நீண்ட காலம் கிடந்தால், தண்டின் சீல் எண்ணெய் படாமல் உலர்ந்து கசியத் தொடங்கும். மழைக் காலத்திலும் வாரம் ஒருமுறை சில நிமிடம் ஏ.சி.யை ஓடவிடச் சொல்வது அதனால்தான்.

உள்ளே கடித்துக்கொண்ட கொம்பிரசர், உலோகத் துகளையும் கரிய எண்ணெயையும் கொண்டென்சருக்குள் துப்பிவிட்டே சாகிறது. இன்றைய கொண்டென்சர்களின் குழாய்கள் மிக நுண்ணியவை. கழுவி எடுக்க முடியாது. கொண்டென்சர், டிரையர், எக்ஸ்பென்ஷன் வால்வ் மூன்றையும் மாற்றாமல் புதிய கொம்பிரசரைப் பூட்டினால் அந்தத் துகள் அதையும் அரைக்கும். பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது குழாய்த் துளைகள் மூடியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்; பி.ஏ.ஜி. எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கையால் சுற்றித் தள்ளும் துளையில் விரலை வைத்தால் அழுத்தம் தெரிய வேண்டும். வடித்த எண்ணெய் கறுத்திருந்தால் விலை எவ்வளவு குறைவென்றாலும் வேண்டாம்.

கேஸின் தரமும் உயிர் விடயம். 2011இல் போலிக் கேஸ் ஏற்றப்பட்ட கப்பல் குளிர்ப்பெட்டகங்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் கலந்திருந்த மெதைல் குளோரைட், அலுமினியத்தோடு சேர்ந்து காற்றுப்பட்டதும் தீப்பற்றும் சேர்மமாக மாறியிருந்தது. கார் கொம்பிரசரும் அலுமினியம்தான். நல்ல கேஸும் நிரந்தரமல்ல. ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் ஒப்பந்தத்தில் 1989இல் சேர்ந்த இலங்கை, அதன் கிகாலி திருத்தத்தை 2018இல் ஏற்றது. அதன்படி ஆர்-134ஏ அடங்கிய கேஸ் குடும்பத்தின் பாவனைக்கு 2024இல் உச்சவரம்பு வந்தது. 2029இல் 10 சதவீதமும், 2045க்குள் 80 சதவீதமும் குறைய வேண்டும். காரணம், ஆர்-134ஏ காபனீரொட்சைட்டைவிட 1430 மடங்கு பூமியைச் சூடாக்கும். 400 கிராமைக் காற்றில் திறந்துவிடுவது 572 கிலோ காபனீரொட்சைட்டை விடுவதற்குச் சமன். கசிவை விட்டுவிட்டுக் கேஸ் மட்டும் அடிக்கும் பழக்கத்துக்கு இனி நாளும் இல்லை, காசும் இல்லை.

அடுத்த முறை "கொம்பிரசர் போச்சு" என்று கேட்டால், கராஜ் பாஸோடு சண்டை வேண்டாம். மூன்று விடயம் கேளுங்கள். இரண்டு முட்களும் எங்கே நிற்கின்றன என்று காட்டச் சொல்லுங்கள். கசிவு எங்கே, கொண்டென்சருக்குள் துகள் உண்டா என்று கேளுங்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், கழற்றிய கொம்பிரசரின் எண்ணெயை உங்கள் முன்னால் ஒரு கண்ணாடிக் கோப்பையில் வடிக்கச் சொல்லுங்கள். அதைக் காட்ட மறுக்கும் கராஜில் காசு கட்டாதீர்கள்.